ஸ்குருப் பல்

ஆடிக் காற்று நல்லூர் வீதிகளில் பஞ்சுத் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், சாரதாமணி குடித்த காப்பி அவள் மூக்கு வழியாக வெளியே வந்தது.

புரையேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தலையைத் தட்டிக்கொண்டு இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். இருமலும் இல்லை, விக்கலும் இல்லை. இடது மூக்கில் மட்டும் வெதுவெதுப்பாக இறங்கி மேலுதட்டை நனைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாக்கால் மேல் ஈறைத் துழாவினாள். கோரைப்பல்லுக்கு அடுத்தாற்போல் இருந்த ஸ்குருவின் தலை தட்டுப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு ஸ்குருவைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பொத்தல்தான் இருந்தது. பொத்தலில் நாக்கை வைத்தால் அழுகின முட்டை நாற்றம் தொண்டைக்கு இறங்கியது. கன்னம் வீங்கி, கண்ணைப் பாதி மூடியிருந்தது.

விழுங்கிவிட்டோமா என்று பயந்தாள். படுத்த பாயை உதறிப் பார்த்தாள், கூட்டி வைத்த குப்பையைக் கிளறிப் பார்த்தாள். ஸ்குரு எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மேல்தாடைக்கு மேலே, மூக்குக்குப் பக்கத்தில், காற்று மட்டும் குடியிருக்கிற ஒரு பொந்து எல்லோருக்கும் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

அந்த ஸ்குரு அவள் வாய்க்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் புருசன் மருதாசலத்தின் பனியன் கம்பெனி கீழே, வீடு மேலே. கலியாணமான புதிதில் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாடாய் உழைத்து உண்டாக்கியது. இப்போது மகன் கோபிச்செட்டிபாளையத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற அளவுக்கு வசதி. மருதாசலம் தொழிலில் கெட்டிக்காரன். ஆனால் கோபம் வந்தால் தன் கையில் இருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியாது. சரக்கு எடுக்கிற பையரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் மாடிப்படி ஏறி வந்து பெண்டாட்டியிடம் இறக்கி வைப்பான்.

எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு லாட்டில் முன்பக்கப் பீஸ்கள் அத்தனையும் தலைகீழாக வெட்டுப்பட்டுவிட்டன. துணி விரித்தவள் சாரதாமணி.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" என்றான் மருதாசலம்.

"நீங்க சொன்ன மாதிரித்தானுங்க விரிச்சேன்."

அந்த ஒரு பதிலுக்கு, கையிலிருந்த கட்டிங் கத்திரியின் இரும்புப் பிடியால் இடது கன்னத்தில் ஒரே போடாகப் போட்டான். உள்ளே முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது. வாயில் ரத்தம் நிறைந்து வழிந்தபோது, "துணியில படாம அக்கட்டால போய்த் துப்பு" என்றான். பிறகு ஒரு நாள் அரிசிம்பருப்புச் சோற்றோடு ஒரு பல் வந்தது. ஆடிக்கொண்டிருந்த இன்னொன்றை அவளே பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

வீங்கின முகத்தோடு பெருமாநல்லூருக்கு, பிறந்த வீட்டுக்குப் போனாள். அண்ணன் வெள்ளியங்கிரி சாயப்பட்டறையும் தோட்டமுமாக அங்கே பெரிய கை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னார். அவள் மெல்ல முடியாமல் குழம்பைச் சோற்றில் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"ஊட்டுக்கு ஊடு இருக்கறதுதான் அம்முணி. நாம போயிக் கேட்டா ஒறவு முறிஞ்சு போயிரும். கொஞ்சம் அனுசரிச்சுக்கோ."

சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதற்கு முன்னாலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான். அடி நல்லூரில், கோழிக் குழம்பு பெருமாநல்லூரில் என்று வருசங்கள் ஓடின.

இப்போது தம்பி கருப்புசாமிக்கு ஆவணியில் கலியாணம். பெண் காங்கேயத்து எண்ணெய் மில்காரர் மகள். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையிடுக்கிலும் மறு முனை அவள் கையிலுமாக, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சடங்கு நடத்தி வைக்கிற அருமைக்காரர் சீர் செய்து முடித்தால்தான் தாலி ஏறும். பங்காளி வீட்டுப் பெண்ணை உட்கார வைக்கலாம்தான். ஆனால் சொந்த அக்காள் உயிரோடு இருக்கும்போது அப்படிச் செய்தால் ஊர் காரணம் கேட்கும். கருப்புசாமிக்கு இருக்கிற அக்காள் சாரதாமணி ஒருத்திதான்.

நிச்சயத்தன்று பெண் வீட்டுப் பெரியம்மாக்காரி பெரியாத்தாள், எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்துவிட்டாள்.

"மாப்பளையோட அக்காளுக்கு ஒரு பக்கம் கன்னம் ஒட்டிப் போய்க் கெடக்குதே, என்ன சீக்குங்க?"

வெள்ளியங்கிரிக்கு அது சுருக்கென்று தைத்தது. தங்கச்சியின் கன்னத்தை அவர் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தார் போலிருக்கிறது. மறுவாரமே அவளைக் காரில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். எலும்பிலேயே ஸ்குருவை இறக்கி அதன்மேல் பல் மாட்டுகிற டாக்டர் ஒருவர் அங்கே புதிதாக வந்திருந்தார்.

"கழட்டி மாட்டற செட்டே போதுமுங்கண்ணா" என்றாள் சாரதாமணி.

"சீர்ல குனியறப்போ அது கழண்டு தட்டத்துல உழுந்தா? நம்ம மானமும் கூடச் சேந்து உழுகும்."

டாக்டர் கேட்டார், "பல்லு எப்படிப் போச்சு? அடிகிடி ஏதாவது பட்டுதா?"

வெள்ளியங்கிரி முந்திக்கொண்டார். "அதெல்லாமில்லீங்க. சொத்தைப் பல்லுங்க. ஊர்லயே புடுங்கிப் போட்டோம்."

சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சின்னதாக ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாசி மாதத்தில் இரண்டு ஸ்குருவை இறக்கினார். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள ஆறு மாதம் ஆகும், ஆவணிக்குள் பல் மாட்டிவிடலாம் என்றார். அதுவரைக்கும் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்கவே கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

அவர் சொல்லிவிட்டார். செக்கிங் டேபிளில் உட்காருகிறவளுக்கு அது நடக்கிற காரியமா? முன்னால் வெள்ளைப் பீஸ் மலையாகக் குவிந்திருக்கும். ஒரு துளி எச்சில் தெறித்தாலும் பழுப்பாகக் காய்ந்து பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும். அதனால் செக்கிங் பெண்கள் தும்முவதே ஒரு தினுசு. மூக்கை இரண்டு விரலால் நெரித்து, உதட்டை இறுக்கி, தும்மலை உள்ளேயே கொன்றுவிடுவார்கள். தலை மட்டும் ஒரு வெட்டு வெட்டும், சத்தம் வராது. முதலாளி பெண்டாட்டி என்றாலும் ஷிப்மெண்ட் நெருங்கினால் சாரதாமணியும் டேபிளில்தான். அவளுக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

முந்தின நாள் காற்று ஜன்னல் வழியாகப் பஞ்சை வாரி அடித்தது. சாரதாமணி ஒரு தும்மலைக் கொன்றாள். பக்கத்தில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த மயிலாள் நிமிர்ந்தாள்.

"ஏனுங்கக்கா, வாயத் தொறந்து தும்மச் சொன்னாருன்னீங்க?"

"அவரு வந்து பீஸைத் தொவைச்சுக் குடுப்பாராமா?"

டேபிளே சிரித்தது. சாரதாமணியும் சிரித்துக்கொண்டே அடுத்த தும்மலையும் அதற்கடுத்ததையும் அப்படியே நெரித்தாள். கன்னத்துக்குள் ஏதோ நழுவினது போலிருந்தது. வலிகூட இல்லை. மாலைக்குள் ஷிப்மெண்ட் கட்ட வேண்டும் என்ற நினைப்பில் அதை மறந்தும் போனாள்.

அந்தக் காலையில் துண்டைக் கன்னத்தில் பொத்திக்கொண்டு அவள் கீழே இறங்கி வந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. சீர்ச் சேலை எடுக்க அவளைக் கூட்டிப்போக வெள்ளியங்கிரியும் கருப்புசாமியும் வந்திருந்தார்கள். வெள்ளியங்கிரி அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அம்முணி இது? மூஞ்சி என்ன இப்பிடி ஆயிப்போச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சீழ்தான் வந்தது. துண்டால் பொத்திக்கொண்டாள்.

"அடிச்சுப்போட்டானா?"

தலையை ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும். இல்லையென்று கையைக் காட்டியிருந்தால்கூடப் போதும். மயிலாள் டேபிளிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரதாமணி ஆட்டவில்லை. இத்தனை வருசம் கேட்காத கேள்வியை அண்ணன் இன்றைக்குக் கேட்கிறார். கேட்டால் என்னதான் செய்வார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அசையாமல் நின்றாள்.

"கலியாணத்த வெச்சுக்கிட்டு மூஞ்சில கைய வெச்சுட்டானே நாயி!" என்று வெள்ளியங்கிரி கத்தினார். கலியாணம் இல்லாத காலத்தில் வைத்த கையெல்லாம் அவர் கணக்கில் சேரவில்லை.

நிட்டிங் ஹாலில் மிஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மருதாசலம் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தவன், மச்சானைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"வாங்க மச்சான். காப்பி சாப்பிட்டீங்ளா?"

வெள்ளியங்கிரியின் குத்து அவன் வாயிலேயே விழுந்தது. மருதாசலம் நூல் கோன்கள் அடுக்கியிருந்த ரேக்கின்மேல் போய் மோத, கோன்கள் மடமடவென்று உருண்டன. எழுந்தவனைக் கருப்புசாமி பின்னால் இருந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வயிற்றில், விலாவில், முகத்தில் என்று வெள்ளியங்கிரி மாறி மாறி இறக்கினார். மருதாசலம் ஒரு உதையில் கருப்புசாமியைத் தள்ளிவிட்டுத் திமிறி, வெள்ளியங்கிரியின் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டு, சுற்றுகிற மிஷின்மேல் சாய்ந்தார்கள். மருதாசலத்தின் முகம் ஊசி வட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"மிஷினை ஆஃப் பண்ணுங்கடா! மூஞ்சி போயிருமடா!" என்று அலறிக்கொண்டு மதுரைப் பக்கத்து டெய்லர் ஒருவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது. அடி விழுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"இன்னைக்கு நான் தொடவே இல்லீங்க மச்சான்!" என்று மருதாசலம் கதறினான். "ஆத்தா சத்தியமா இன்னைக்குத் தொடலீங்க!"

இன்றைக்குத் தொடவில்லை என்கிறவன் என்றைக்கெல்லாம் தொட்டான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். கீழே வேலை செய்கிறவர்களுக்கு மாடியில் நடப்பது தெரியாமல் போகுமா?

வெள்ளியங்கிரி துணி ரோல் சுற்றுகிற இரும்புக் குழாயைக் கையில் எடுத்தார். மருதாசலம் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். குழாய் முழங்கைக்குக் கீழே விழுந்து, எலும்பு முறிகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. மருதாசலம் மண்டியிட்டு, மடிந்து விழுந்திருந்த வெள்ளைத் துணியின் பக்கமாக வாயைக் கொண்டுபோனான். முன்பல் ஒன்று ரத்தத்தோடு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற சாரதாமணி துண்டை எடுத்துவிட்டு அன்றைக்கு முதல் வார்த்தை பேசினாள்.

"துணியில படாம அக்கட்டால போய்த் துப்பச் சொல்லுங்க."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நெஞ்சு குளிர்ந்துதான் போயிற்று. மருதாசலம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். நீயாவது சொல்லேன் என்பது போலப் பார்த்தான். தொங்குகிற கையைக் கண்டதும், "போதும், உடுங்கண்ணா" என்றாள். ஆனால் அடிக்கவில்லை என்பதை அப்போதும் சொல்லவில்லை.

வெள்ளியங்கிரி குழாயைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"இணைச்சீர் பண்றவ கழுத்துல தாலி இருக்கோணுமேன்னு உடறேன். இல்லாட்டி இங்கயே பொதைச்சிருப்பேன்."

மயிலாள்தான் ஆட்டோ பிடித்து மருதாசலத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அண்ணனும் தம்பியும் சாரதாமணியைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கு விட்டார்கள்.

இந்தத் தடவை டாக்டர் இரண்டு தாடையும் தெரிகிற பெரிய படம் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கன்னத்து இடத்தில் கறுப்பாக ஒரு பொந்து. அதற்குள் ஸ்குரு படுத்துக் கிடந்தது.

"உள்ள போயிடுச்சும்மா. வாயிலிருந்து அந்தப் பொந்துக்கு இப்ப வழி தொறந்திருக்கு. அதனாலதான் குடிக்கறது மூக்குல வருது. சீழ் வேற பிடிச்சிருக்கு. அப்படியே விட்டா கண்ணு வரைக்கும் ஏறலாம். ஆபரேஷன் பண்ணி எடுத்தே ஆகணும்."

படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சொத்தைப் பல்லுன்னு சொன்னீங்க. இங்க பாருங்க, இந்த எலும்பு ஒரு காலத்துல நொறுங்கி அரைகுறையா ஒட்டியிருக்கு. முட்டை ஓடு மாதிரி இருக்கு. அடி பட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே இந்தப் படத்தை எடுத்திருப்பேன். ஸ்குருவே வெச்சிருக்க மாட்டேன்."

"மாடிப்படியில கால் வழுக்கி உழுந்துட்டாளுங்க" என்றார் வெள்ளியங்கிரி. அவர் சட்டைக் கையில் மருதாசலத்தின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவளை அடித்துவிட்டான் என்று ஒருத்தன் கையை உடைத்துவிட்டு வந்த மனுசர், அதே வாயால் வழுக்கி விழுந்தாள் என்கிறார். சாரதாமணிக்குக் காலையிலிருந்து வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"உழுகலீங்க டாக்டர்" என்றாள். "என்ர ஊட்டுக்காரரு கத்திரிப் பிடியில அடிச்சாருங்க. எட்டு வருசம் ஆச்சு."

"இப்ப? நேத்து அடிச்சாரா?"

"இல்லீங்க. நேத்து தும்மலை அடக்குனேன். அவ்வளவுதானுங்க."

"தும்மல் ஒரு சாக்குதாம்மா. அந்த எலும்பு தாங்கியிருக்காது. இன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாள் போயிருக்கும்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி அவள் மேல்கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஊரு சிரிக்கட்டும்னே பேசறயாடி?" என்று இன்னொரு கையை ஓங்கினார். நல்லபடியாக இருந்த வலது கன்னத்தைப் பார்த்துத்தான் ஓங்கினார். கருப்புசாமி குறுக்கே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான்.

"உடுங்கண்ணா!" பிறகு அக்காள் பக்கம் திரும்பினான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அப்ப மாமனை எதுக்குக்கா அடிச்சோம்?"

"எட்டு வருசத்துக்கு முந்தியே அடிச்சிருக்கோணும் கண்ணு. நீங்க நேரந் தப்பி வந்துட்டீங்க."

ஆபரேஷன் மறுநாள் நடந்தது. முகத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள், நினைவு இருந்தது. மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, உளியை வைத்துத் தட்டி, கன்னத்து எலும்பில் சின்னதாக ஒரு சன்னல் திறந்தார்கள். வலிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் மண்டைக்குள் இடி மாதிரி இறங்கியது. இத்தனை வருசம் வாங்கின அடியெல்லாம் திரும்பவும் ஒருதடவை விழுவது போலிருந்தது அவளுக்கு. சீழை உறிஞ்சி எடுத்த பிறகு இடுக்கி உள்ளே போய்த் துழாவியது. ஸ்குரு ஸ்டீல் கிண்ணத்தில் விழுந்தது. முன்னால் இருந்த ஸ்குருவையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, பக்கத்துச் சதையை இழுத்துப் பொத்தலை மூடித் தைத்தார்கள்.

"எடுத்தாச்சும்மா" என்றார் டாக்டர். சாரதாமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

பெருமாநல்லூரில் அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். வெள்ளியங்கிரியின் பெண்டாட்டி பழனாத்தாள் ராகிக் கூழைக் கரைத்து ஆற்றிக் கொடுத்தாள். வீடு முழுக்கக் கலியாண வேலை. சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் சாரத்தைச் சுவர் சுவராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் கூழைக் கொடுத்துவிட்டுப் பழனாத்தாள் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க நங்கையா?" என்று அண்ணியைக் கேட்டாள் சாரதாமணி.

"உங்கண்ணன் நல்லூர் போயிட்டு வந்தாரு. உன்ர ஊட்டுக்காரரு போலீசுக்குப் போறேன்னு நின்னாராமா. பேசி முடிச்சுட்டாங்க. அவரு கேஸ் குடுக்கறதில்ல. பைக்குல இருந்து உழுந்து கையி ஒடஞ்சதுன்னு சொல்லிக்கறாரு. கலியாணத்துக்கும் வர்றாரு."

"அதுக்கு நாம என்ன குடுக்கறமாம்?"

பழனாத்தாள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சீரு முடிஞ்ச கையோட உன்னைய அனுப்பி வெச்சறதாம். ஆராச்சும் கன்னத்தப் பத்திக் கேட்டா, சொத்தைப் பல்லுன்னு சொல்லிப்போடச் சொன்னாரு."

"நங்கையா, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொன்னா இந்த ஊட்டுல எடுபடுமா சாரதா? கோழி அடிக்கச் சொன்னா அடிப்பேன், கொழம்பு வெக்கச் சொன்னா வெப்பேன். ஒவ்வொருக்காவும் நீ பஸ் ஏறுன பொறகு இந்தச் சமையக்கட்டுல உக்கோந்து அழுதிருக்கறேன். அது உனக்குத் தெரியாது."

சாரதாமணிக்கு அது தெரியாதுதான். அவள் பழனாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. முறிந்த கை கூடி வருகிற வரைக்கும்தான் நல்லூர் மாடி அமைதியாக இருக்கும். அதற்குப் பிறகு அந்த ஒவ்வொரு அடிக்கும் மருதாசலம் அவளிடம்தான் பதில் வாங்குவான். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதை அவன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். இந்தத் தடவை பல்லோடு நிற்காது.

கலியாணத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. மருதாசலம் கையில் மாவுக்கட்டோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் பைக் கதையைச் சொன்னான். சொல்லும்போது உடைந்த முன்பல் வழியாகக் காற்று வந்தது. வெள்ளியங்கிரி பக்கத்தில் நின்று, "ராவுல லைட் இல்லாம வண்டி ஓட்டாதீங்க மாப்ளைன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்" என்று அவன் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோது சாரதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இணைச்சீருக்கு அழைத்தார்கள். சேலை சலசலக்கப் போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்து வீக்கம் இன்னும் முழுதாக வற்றவில்லை. அருமைக்காரர் கூறைச்சேலையை மடித்து, ஒரு முனையைக் கருப்புசாமியின் கையிடுக்கில் சொருகினார். மறு முனையை அவளிடம் நீட்டினார். சுற்றிலும் இரண்டு வீட்டுச் சனமும் நெருக்கிக்கொண்டு நின்றது. பெரியாத்தாள் முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"ஏனம்முணி, அன்னைக்கு ஒட்டிக் கெடந்த கன்னம் இன்னைக்கு வீங்கிக் கெடக்குதே. என்ன பண்ணுச்சு?"

"சொத்தைப் பல்லுங்க ஆத்தா" என்று வெள்ளியங்கிரி தூணோரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

சாரதாமணி நீட்டின முனையை வாங்கவில்லை.

"சொத்தை இல்லீங்க ஆத்தா" என்றாள். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின குரல், மண்டபத்தின் கடைசி வரைக்கும் போயிற்று. "அதா அங்க கட்டுப் போட்டுக்கிட்டு உக்கோந்திருக்காருல்லங்க, என்ர ஊட்டுக்காரரு, அவரு கத்திரிப் பிடியில அடிச்சு ஒடச்சதுங்க. அத டாக்டருகிட்டச் சொல்லாம மறச்சது எங்கண்ணன். மறச்சதுனால வெச்ச ஸ்குரு கன்னத்துக்குள்ள போயி, உளி வெச்சுத் தட்டி எடுத்தாங்க. அவரு கையும் பைக்குல ஒடயலீங்க. எங்கண்ணனும் தம்பியும் ஒடச்சதுங்க. அன்னைக்கு மட்டும் அவரு என்னையத் தொடல. தொடலைன்னு நான் சொல்லியிருக்கோணும். சொல்லாம நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அது என்ர தப்புங்க."

மேளம் தானாக நின்றது. மருதாசலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். வெள்ளியங்கிரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஓங்கின கையோடுதான் வந்தார்.

"அங்கயே நில்லுங்கண்ணா" என்றான் கருப்புசாமி. கூறையைக் கையிடுக்கில் வைத்தபடியே, எழுந்திருக்காமல் சொன்னான். "இங்க கைய வெச்சீங்கன்னா நான் தாலி கட்டமாட்டேன்."

வெள்ளியங்கிரி நின்றார். இரண்டு வீட்டுச் சனமும் அந்தக் கையையே பார்த்தது. பார்க்கப் பார்க்க அது மெதுவாகக் கீழே இறங்கியது.

சாரதாமணி பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினாள். "சீரு முடிஞ்சதும் என்னைய நல்லூருக்கு ஏத்தி உடறதாப் பேசி வெச்சிருக்காங்க மாமா. நான் போகலீங்க. எம்பட கையும் சேந்து உண்டாக்குன கம்பெனி அது, அதுல எனக்குள்ளதை நாயமாக் கேட்டு வாங்கிக்கறேன். ஆனா அந்த மாடிப்படி இனி ஏற மாட்டேன். போகோணும்னு சொல்றவங்க இங்க ஆராச்சும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. நான் எந்திரிச்சுக்கறேன், வேற ஆரையாச்சும் வெச்சுச் சீரு பண்ணிக்குங்க."

கூடப்பிறந்தவள் எழுந்து போன மணையில் இன்னொருத்தியை உட்காரவைத்துத் தாலி கட்டிய கலியாணத்தை அந்தச் சனத்தில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளியங்கிரி அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பழனாத்தாள் பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து, சாரதாமணிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பெண்ணின் அப்பா மருதாசலத்தை ஒரு பார்வை பார்த்தார், கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"நேரமாகுதுங்க" என்றார் அருமைக்காரரிடம். "அந்த அம்முணிய வெச்சே பண்ணுங்க."

அருமைக்காரர் கூறையின் முனையை மறுபடியும் நீட்டினார். சாரதாமணி அதை வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டாள்.